பழைய காருக்குப் புதிய டயர்: வாங்குபவரும் விற்பவரும் கவனிக்க வேண்டியவை

 

இந்த வாரம் டயரைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் எல்லா டயரையும் பற்றியல்ல. பழைய ஸ்போட்ஸ் காருக்குப் போடும் டயரைப் பற்றி. "நமக்கும் ஸ்போட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. திறந்த பிறகும் வரியைப் பார்த்தவர்கள் பழைய காரையே கழுவித் துடைத்து வைத்துக்கொண்டார்கள். ஆகவே 1990களில் வந்த சிவிக், லான்சர், கொரோலா லெவின், ஸ்டார்லட் கிளான்சா போன்ற கார்கள் இன்றும் நமது வீட்டு வாசல்களில் நிற்கின்றன. வாப்பா வாங்கியதை மகன் ஓட்டுகிறான். அந்த மகன்தான் நமது கடைக்கு வந்து, "மாமா, நல்ல கிரிப் உள்ள டயர் இருக்கா?" என்று கேட்கிறான்.

அலுவிகாரையில் ஏ9 வீதியோரம் இருந்து டயரும் உதிரிப்பாகமும் விற்பவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததையும் நான் விட்ட ஒரு பிழையையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் டயரின் பக்கவாட்டை வாசியுங்கள்

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அலங்காரம் அல்ல. உதாரணமாக, ஹொண்டா சிவிக் எஸ்.ஐ.ஆர். காருக்குக் கம்பனி கொடுத்த அளவு 195/55 ஆர் 15 84வி. இதில் 195 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 55 வீதம். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். 84 என்பது ஒரு டயர் தாங்கும் பாரத்தின் குறியீடு. அது 500 கிலோ. வி என்பது வேகக் குறியீடு. மணிக்கு 240 கிலோமீற்றர். அதே இடத்தில் எச் இருந்தால் 210, டி இருந்தால் 190.

"நமது நாட்டில் நகரத்தில் 50, வெளியே 70, அதிவேகப் பாதையில் 100. இதற்கு 240 எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் வேகக் குறியீடு என்பது வெறும் வேகம் அல்ல. அந்த டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும், எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம். ஆகவே காரின் கதவுத் தூணில் ஒட்டியுள்ள தகட்டில் என்ன இருக்கிறதோ, பாரக் குறியீட்டிலும் வேகக் குறியீட்டிலும் அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

நான்கு இலக்கம்

அடுத்தது மிக முக்கியமானது. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்களைத் தொடர்ந்து ஓர் இலக்க வரிசை இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த இலக்கம் இருக்கும். வெளிப்பக்கம் காணவில்லை என்றால் குனிந்து உட்பக்கத்தைப் பாருங்கள்.

இறப்பர் உயிரற்ற பொருள்தான். ஆனால் அதற்கும் முதுமை உண்டு. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும் இறப்பரைத் தாக்கும். வெயிலும் சூடும் அதை விரைவுபடுத்தும். மென்மையாக இருந்த இறப்பர் இறுகும், பின்னர் மயிர்க்கோடு போல வெடிக்கும். பள்ளங்கள் ஆழமாக இருக்கும், ஆனால் ஈர வீதியைப் பிடிக்காது. ஐந்து வருடம் பாவித்த டயரை அதன் பின் வருடா வருடம் பரிசோதிக்க வேண்டும் என்றும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்து வருடத்தைத் தாண்டிப் பாவிக்கக் கூடாது என்றும் பெரிய டயர் கம்பனிகளே சொல்கின்றன. வேகமாக ஓட்டும் காருக்கு நான் அதற்கும் முன்னரே மாற்றச் சொல்வேன்.

நான் விட்ட பிழை

சில வருடங்களுக்கு முன், டயர் தட்டுப்பாடான காலம். ஒரு வாடிக்கையாளர் சொல்லி நான் எடுத்து, அவர் வராமல் போன நான்கு டயர்கள் எனது கடையில் தேங்கிக் கிடந்தன. நல்ல பெயருள்ள கம்பனி. 195/55 ஆர் 15. வைத்திருந்த இடம் தகரக் கூரைக்குக் கீழே, மேல் தட்டு. முதல் முடங்கிப் போயிருந்தது.

பலாபத்வலையைச் சேர்ந்த மிளகு வியாபாரி ஒருவரின் மகன் வந்தான். இருபத்து மூன்று வயதிருக்கும். அதே அளவு கேட்டான். நான் டயரை இறக்கித் துடைத்துக் காட்டினேன். "புத்தம் புதுசு தம்பி, ஒரு கிலோமீற்றர் கூட ஓடவில்லை" என்றேன். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அது ஏழாவது வருடத்தில் இருந்த டயர் என்பதை நான் சொல்லவில்லை. அவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதத்தின் பின், ஒரு மாலை மழையில், நாலந்தவுக்கு அப்பால் ஒரு வளைவில் கார் வழுக்கி மண்மேட்டில் மோதியது. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டு முறிந்தது. காரின் முன்பக்கம் போய்விட்டது.

தகப்பனார் கடைக்கு வந்தார். சண்டை பிடிக்கவில்லை. கழற்றிய டயரொன்றை உருட்டி வந்து என் முன்னால் வைத்து, அந்த நான்கு இலக்கத்தின் மேல் விரலை வைத்தார். "நானா, இது என்ன நம்பர்?" என்று மட்டும் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மழையும் வேகமும் கூடக் காரணமாக இருந்திருக்கலாம். டயர்தான் காரணம் என்று நான் அறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் சொல்ல வேண்டியதை நான் மறைத்தேன் என்பது அறுதி. டயருக்கு வாங்கிய பணத்தை அன்றே திருப்பிக் கொடுத்தேன். மணிக்கட்டை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

தானியக் குவியலுக்குள் நபியவர்கள் (ஸல்) கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டிய சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். அந்த வியாபாரி மழையில் நனைந்ததை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே வைத்திருந்தார். நாம் அதை ஜும்ஆவில் கேட்கிறோம், தலையாட்டுகிறோம், கடைக்கு வந்து மேல் தட்டிலிருந்து டயரை இறக்குகிறோம். என்னைச் சொல்கிறேன், சகோதரர்களே.

எந்த வகை டயர்?

இனி தெரிவுக்கு வருவோம். மூன்று வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சாதாரண டயர். நீண்ட நாள் உழைக்கும், சத்தம் குறைவு. இரண்டு, வீதிக்கான ஸ்போட்ஸ் டயர். பக்கச் சுவர் உறுதி, ஸ்டியரிங் திருப்பினால் உடனே கேட்கும், ஈரத்திலும் பிடிக்கும். மூன்று, பந்தயத்துக்கு அண்மித்த டயர். இறப்பர் மிக மென்மை, பள்ளங்கள் குறைவு.

மூன்றாவதைத்தான் இளைஞர்கள் கேட்கிறார்கள். நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டிக்குப் போகிறவனுக்கு அது சரி. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு மழையில் ஏறுகிறவனுக்குச் சரியல்ல. டயரின் பள்ளங்கள் இருப்பது வீதியிலுள்ள தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. பள்ளம் குறைந்தால், வேகத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். மிதக்கும் டயருக்கு ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. மாத்தளையின் மாலை மழையை அறிந்தவன் இந்த டயரை அன்றாடக் காருக்குப் போட மாட்டான்.

அமெரிக்க முறைப்படி பல டயர்களில் தேய்மான இலக்கம் ஒன்று இருக்கும். 200, 300, 400 என்று. 200 உள்ளது விரைவில் தேயும், 400 உள்ளது கூடுதலாக உழைக்கும். இதைக் கம்பனியே சோதித்துப் போடுகிறது. ஆகவே ஒரே கம்பனியின் இரண்டு டயரை ஒப்பிட இது உதவும். வேறு வேறு கம்பனிகளுக்கிடையில் இதை அப்படியே நம்பாதீர்கள். பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என்ற எழுத்து ஈரத்தில் நேராகப் பிரேக் பிடிக்கும் தரத்தை மட்டும் சொல்கிறது. வளைவைப் பற்றிச் சொல்லாது.

இன்னொரு செய்தி. இறப்பரில் சிலிக்கா கலந்து ஈரப்பிடிப்பைக் கூட்டும் முறை 1990களில்தான் கார் டயர்களில் பரவியது. ஆகவே அன்றைய கார் அன்று போட்டு வந்த டயரை விட, இன்றைய தரமான டயர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கக் கூடும். "பழைய மாடலே வேண்டும்" என்று தேடி அலையத் தேவையில்லை. ஆனால் புதிய கார்களின் றிம் பெரிதாகிவிட்டதால், 14, 15 அங்குலத்தில் ஸ்போட்ஸ் டயர் வகைகள் குறைந்து வருகின்றன. தேங்கிய பழைய சரக்கு கைமாறுவதும் இந்த அளவுகளில்தான். திகதியைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த வாகனங்களோடு பனிக்கால டயர்களும் வருவதுண்டு. பார்க்கப் புதிது போல, பள்ளம் நிறைய, இறப்பர் மென்மையாக இருக்கும். பனிச்சின்னமோ ஸ்டட்லெஸ் என்ற எழுத்தோ இருந்தால் விட்டுவிடுங்கள். அது உறைபனிக்குச் செய்தது. நமது சூட்டில் விரைவில் தேயும், மழையில் வழுக்கும்.

அளவை மாற்றலாமா?

கேட்ட அளவு கிடைக்கவில்லை என்றால் மாற்று அளவு போடலாம். ஆனால் முழு விட்டத்தில் வித்தியாசம் 3 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 195/55 ஆர் 15 டயரின் முழு விட்டம் சுமார் 595 மில்லிமீற்றர். 205/50 ஆர் 15 போட்டால் 586, பரவாயில்லை. 195/50 ஆர் 15 போட்டால் 576. 3 வீதத்தைத் தாண்டிவிட்டது. கார் சுமார் 10 மில்லிமீற்றர் தாழும், வேகமானி உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். 17 அங்குல றிம் போட்டு ஓட்டினால், முதல் குழியில் றிம் வளையும், ஸ்டியரிங் நிற்கும் வரை திருப்பினால் டயர் உரசும். அழகுக்குக் கொடுத்த காசு டிங்கரிங் கராஜுக்குப் போகும்.

இரண்டு மட்டும் மாற்றுவதானால்?

முன்சக்கரம் இழுக்கும் காரென்றால் முன்னுக்குத்தான் புதிய டயர் என்பது நமது பழக்கம். அது பிழை. நல்ல டயர் இரண்டும் பின்னுக்கே போக வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் கார் நேரே போகும்; காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும். அதைத் திருப்பிப் பிடிக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

இருபத்தைந்து வருடக் காருக்கு டயர் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஷொக் அப்சோபர், புஷ், போல் ஜொயின்ட் ஆகியவற்றைப் பார்த்து, வீல் எலைன்மன்ட் செய்த பின்பே புதிய டயர். இல்லாவிட்டால் சில மாதத்தில் ஒரு பக்கம் தேய்ந்து நிற்கும். காற்று, கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது தகட்டில் உள்ளபடி. புதிய டயரை முதல் சில நூறு கிலோமீற்றருக்கு மெதுவாக ஓட்டுங்கள்; அச்சிலிருந்து எடுக்கப் பூசும் பொருள் மேலே இருக்கும், அது தேயும் வரை வழுக்கும்.

கணக்கு

நாம் வியாபாரிகள். கணக்குப் போடுவோம். விலையை மட்டும் பார்க்காமல், ஓடும் தூரத்தால் பிரியுங்கள். உதாரணத்துக்கு, 25,000 ரூபா டயர் 40,000 கிலோமீற்றர் ஓடுகிறது. 40,000 ரூபா டயர் 20,000 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். நான்கு டயருக்கும் சேர்த்து முதலாவதற்கு கிலோமீற்றருக்கு 2.50 ரூபா, இரண்டாவதற்கு 8 ரூபா. மாதம் 1,500 கிலோமீற்றர் ஓடினால் 3,750 ரூபாவுக்கும் 12,000 ரூபாவுக்கும் உள்ள வித்தியாசம். மகனுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தரமான நடுத்தர ஸ்போட்ஸ் டயரில் அவனே இறங்கி வருவான்.

விற்கும் சகோதரர்களுக்கு

டயர் வரும்போதே சரக்குப் புத்தகத்தில் அந்த நான்கு இலக்கத்தை எழுதுங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும். வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். ஸகாத் கணக்கெடுக்கும் நாளில் சரக்கை வாங்கிய விலைக்கல்ல, அன்றைய சந்தைப் பெறுமதிக்கே மதிப்பிடுகிறோம். வருடா வருடம் அப்படி மதிப்பிடும்போது, எந்த டயர் விலை போகாமல் முதுமையடைகிறது என்பது தானாகத் தெரியவரும். அப்போதே விலையைக் குறைத்து, திகதியைச் சொல்லி விற்றுவிடுங்கள். விற்க முடியாத வயதென்றால் நட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் இப்போது டயரை உருட்டி வந்ததும் முதலில் காட்டுவது அந்த நான்கு இலக்கத்தைத்தான். சில வியாபாரம் அதனால் கைவிட்டுப் போகிறது. ஆனால் அந்த மிளகு வியாபாரி இன்றும் தமது லொறிக்கு என்னிடம்தான் டயர் எடுக்கிறார். எடுக்கும்போதெல்லாம் குனிந்து இலக்கத்தைப் பார்க்கிறார். நானும் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுகிறேன்.

வல்ல அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.