ஆண்கள் கோஷ்டியில் ஜெயித்த பெண்! பறிபோன மெடல் 50 வருஷம் கழித்துக் கிடைத்தது

ஆண்கள் மட்டுமே மோதிய ஜூடோ போட்டி அது. அதில் ஆண் போலவே இறங்கினார் ஒரு பெண். எதிரியைத் தோற்கடித்தார். மெடல் வாங்கினார். வாங்கிய மெடலை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார்.

பறிபோன அந்த மெடலுக்கு ஈடாக இன்னொரு தங்க மெடல் அவர் கழுத்தில் விழுந்தபோது அவருக்கு வயது 74. நடுவில் ஓடிய வருஷங்கள் 50.

அவர் பெயர் ரஸ்டி கனோகோகி. அமெரிக்காவில் நியூயார்க் நகரைச் சேர்ந்தவர். "பெண்கள் ஜூடோவின் தாய்" என்று இவரைச் சொல்கிறார்கள். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. விவரம் வருமாறு:-

கடற்கரைச் சிறுமி

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1935-ம் ஆண்டு ஜூலை மாதம் 30-ந் தேதி பிறந்தவர். பெற்றோர் யூதர்கள். வைத்த பெயர் ரீனா கிளிக்மேன். வளர்ந்த இடம் கோனி ஐலண்டு. ராட்டினமும் தின்பண்டக் கடைகளும் கூட்டமும் நிறைந்த கடற்கரை அது.

வீட்டில் நிம்மதி கிடையாது. சின்ன வயதிலேயே கிடைத்த வேலையைச் செய்து காசு சம்பாதித்தார்.

"ரஸ்டி" என்பது அந்தப் பேட்டையில் திரிந்த ஒரு நாயின் பெயர். அந்தப் பெயரே இவருக்கும் ஒட்டிக்கொண்டது. கடைசி வரை அதுதான் நிலைத்தது.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள் பொம்மையும் பாவாடையுமாக இருந்த காலத்தில், ரஸ்டி ஒரு பெண்கள் கோஷ்டிக்குத் தலைவி! கோஷ்டியின் பெயர் அப்பாச்சீஸ். தெருவில் சண்டை என்றால் முன்னால் நிற்பவர் இவர்தான். அண்ணன் தம்பி தூக்கும் இரும்பு எடைகளைத் தூக்கி உடம்பை முறுக்கேற்றிக் கொண்டார்.

இப்படியே போயிருந்தால் அவர் கதை போலீஸ் ஸ்டேஷனில் முடிந்திருக்கலாம்.

ஒரு பிடி... மாறியது வாழ்க்கை

1955-ம் ஆண்டு. தெரிந்த ஆண் நண்பர் ஒருவர் ஜூடோவில் கற்றுக்கொண்ட ஒரு பிடியை ரஸ்டியிடம் போட்டுக் காட்டினார். அசந்து போனார் ரஸ்டி. அன்று பிடித்த ஆசை கடைசி வரை விடவில்லை.

ஜூடோ என்பது ஜப்பான் நாட்டு மல்யுத்தம். ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் 1882-ம் ஆண்டு டோக்கியோவில் தொடங்கியது. குத்து கிடையாது. உதை கிடையாது. முரட்டுத் துணியில் தைத்த சட்டையின் காலரையும் கையையும் பிடித்து, எதிரி எந்தப் பக்கம் சாய்கிறானோ அந்தப் பக்கமே இழுத்துத் தள்ள வேண்டும். அவன் பலமே அவனுக்கு வினையாகும். முதுகு முழுவதும் பாயில் படும்படி வேகமாக வீசிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதற்கு "இப்பான்" என்று பெயர்.

வீசத் தெரிந்தால் போதாது. விழவும் தெரிய வேண்டும். கோபப்பட்டால் காலை வாரி விட்டுவிடுவார்கள். தெருச் சண்டைக்காரியான ரஸ்டிக்கு இந்தப் பாடம்தான் பெரிய பாடம். முரட்டுத்தனம் குறைந்தது. நிதானம் வந்தது.

ஆனால் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் எல்லாம் ஆண்கள்! பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்பதுதான் அந்தக் காலத்துப் பேச்சு. விடுவாரா ரஸ்டி? விடாமல் கேட்டு உள்ளே நுழைந்தார். ஆண்களோடு ஆண்களாகப் புரண்டு பயிற்சி எடுத்தார்.

யூட்டிகாவில் நடந்தது என்ன?

1959-ம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் உள்ள யூட்டிகா நகரில் ஒய்.எம்.சி.ஏ. ஜூடோ போட்டி நடந்தது. ரஸ்டியின் கோஷ்டியும் போயிருந்தது. அதில் ஒரு வீரருக்குக் காயம். மாற்று ஆள் வேண்டும். மாற்று ஆளாக இருந்தவர் ரஸ்டி!

தலைமுடி ஏற்கனவே குட்டை. மார்பைத் துணிப்பட்டையால் இறுகக் கட்டிக்கொண்டார். மேலே ஜூடோ சட்டை. பார்த்தவர்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

யார் கண்ணிலும் விழாமல், ஜெயிக்காமல் தோற்காமல் சமமாக முடித்துவிட்டு வந்தால் போதும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட யோசனை. ஆனால் பாயில் ஏறிய பிறகு ரஸ்டிக்குச் சும்மா நிற்கத் தெரியாது. எதிரியைத் தோற்கடித்துவிட்டார். கோஷ்டிக்கே முதல் பரிசு! எல்லோருக்கும் மெடல் போட்டார்கள். ரஸ்டிக்கும் போட்டார்கள்.

அதன் பிறகுதான் வந்தது வினை. போட்டியை நடத்தியவர் ரஸ்டியைத் தனியாகக் கூப்பிட்டார். நீ பெண்ணா என்று கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மெடலோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். ரஸ்டி பொய் சொல்லவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

மெடலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோஷ்டிக்குக் கிடைத்த பரிசும் போய்விடும் என்ற நிலைமை. கூட இருந்தவர்களின் பரிசு தன்னால் போகக்கூடாது என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

தோற்றுப்போய் மெடல் கிடைக்காவிட்டால் மனசு ஆறிவிடும். ஜெயித்த மெடலை, பெண்ணாகப் பிறந்ததற்காகக் கழற்றிக் கொடுத்தால்? இனி எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கதி வரக்கூடாது என்ற வைராக்கியம் அன்று பிறந்தது. அன்றைக்கு நான் "இல்லை" என்று சொல்லியிருந்தால் பெண்கள் ஜூடோ ஒலிம்பிக்கில் நுழைந்திருக்காது என்ற கருத்தில் அவரே பிற்காலத்தில் பேசியிருக்கிறார்.

ஜப்பானில் ஜோடி

1962-ம் ஆண்டு ரஸ்டி ஜப்பானுக்குப் புறப்பட்டார். போன இடம் ஜூடோவின் தாய்வீடான கோடோகான்.

முதலில் பெண்கள் பிரிவில் விட்டார்கள். அங்கே அவருக்கு ஈடுகொடுக்க ஆள் இல்லை. அதனால் ஆண்கள் பயிற்சி எடுக்கும் பெரிய கூடத்துக்கு அனுப்பினார்கள். கோடோகானில் ஆண்களோடு பயிற்சி எடுக்க அனுமதி பெற்ற முதல் பெண் ரஸ்டிதான். சொந்த ஊரில் மெடலைப் பறித்தார்கள். ஜப்பானில் கதவைத் திறந்தார்கள்!

அங்கேதான் ரியோஹெய் கனோகோகியைச் சந்தித்தார். ஜூடோவிலும் கராத்தேயிலும் கறுப்பு பெல்ட் வாங்கியவர். இருவருக்கும் 1964-ம் ஆண்டு நியூயார்க்கில் கல்யாணம். ரீனா கிளிக்மேன், ரஸ்டி கனோகோகி ஆனார்.

அதே 1964-ம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் ஆண்களுக்கு மட்டும்!

வீடு அடமானம்

பெண்கள் ஜூடோவை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்றால், உலக அளவில் பெண்கள் மோதுகிறார்கள் என்று காட்ட வேண்டும். அப்படி ஒரு உலகப் போட்டி அதுவரை நடந்ததே இல்லை. நடத்த ஆளும் இல்லை, பணமும் இல்லை.

ரஸ்டி என்ன செய்தார் தெரியுமா? குடியிருந்த வீட்டை அடமானம் வைத்தார்!

நடுத்தரக் குடும்பத்துக்கு வீடு என்பது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மகள் கல்யாணத்துக்கு வைப்பார்கள், வைத்தியத்துக்கு வைப்பார்கள். ஊர் பேர் தெரியாத பெண்கள் மல்யுத்தம் போட யார் வைப்பார்கள்? ரஸ்டி வைத்தார்.

1980-ம் ஆண்டு நவம்பர் மாதம் நியூயார்க்கின் புகழ்பெற்ற மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டி நடந்தது. மொத்தம் 8 பிரிவுகள். 48 கிலோ பிரிவில் இங்கிலாந்தின் ஜேன் பிரிட்ஜ் தங்கம் வென்றார். மார்பைக் கட்டிக்கொள்ளாமல், பெயரை மறைக்காமல், பெண்களாகவே வந்து மோதி, வாங்கிய மெடலோடு ஊர் திரும்பினார்கள்.

வாசல் திறந்தது

அப்படியும் 1984-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோவுக்கு இடம் கொடுக்கவில்லை. சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்! ரஸ்டி கடிதம் எழுதினார், ஆள் சேர்த்தார், அதிகாரிகளின் கதவைத் தட்டினார். ஒலிம்பிக் கமிட்டி மீது வழக்குப் போடுவேன் என்றும் எச்சரித்தார்.

1988-ம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் பாதிக் கதவு திறந்தது. பெண்கள் ஜூடோவைக் கண்காட்சிப் போட்டியாகச் சேர்த்தார்கள். அதில் வாங்கும் மெடல் நாட்டின் கணக்கில் சேராது. அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் கோஷ்டிக்குப் பயிற்சியாளர் ரஸ்டி.

1992-ம் ஆண்டு பார்சிலோனாவில் முழுக் கதவும் திறந்தது. ஆண்களுக்கு 7 பிரிவு, பெண்களுக்கும் 7 பிரிவு. அதில் வாங்கிய மெடல் கணக்கில் சேரும் மெடல்!

அந்த வாசல் வழியாகத்தான் நம் நாட்டுப் பெண்களும் போனார்கள். 2021-ம் ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து ஜூடோவுக்குப் போன ஒரே ஆள் மணிப்பூரின் சுசீலா தேவி. 2024-ம் ஆண்டு பாரீசுக்குப் போன ஒரே ஆள் டெல்லியின் துலிகா மான். இரண்டு பேருமே பெண்கள்.

மெடல் திரும்பியது

2008-ம் ஆண்டு ஜப்பான் அரசு ரஸ்டிக்கு "உதய சூரியன்" விருது கொடுத்துக் கவுரவித்தது. அப்போது புற்றுநோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது.

2009-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூயார்க் மாநில ஒய்.எம்.சி.ஏ. ஒரு விழா எடுத்தது. 50 வருஷத்துக்கு முன் திரும்ப வாங்கிய மெடலுக்குப் பதிலாக ஒரு தங்க மெடலை ரஸ்டிக்கு அணிவித்தது.

மெடல் அவர் கையில் இருந்தது மூன்றே மாதம். அந்த ஆண்டு நவம்பர் மாதம் 21-ந் தேதி ரஸ்டி கனோகோகி காலமானார்.

அவர் பார்க்காமல் போன காட்சி ஒன்று உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோவில் புதிதாக ஒரு போட்டியைச் சேர்த்தார்கள். கலப்பு கோஷ்டிப் போட்டி. ஒரு கோஷ்டியில் 3 ஆண்கள், 3 பெண்கள். அந்தப் போட்டியில் பிரான்ஸ் ஜெயித்தது. ஆண்களும் பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மெடல் வாங்கினார்கள்.

யாரையும் தனியே கூப்பிட்டு, நீ பெண்ணா என்று யாரும் கேட்கவில்லை.