நூற்றுப்பத்தா... நூற்றிருபத்தைந்தா?

பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டுவது இன்று அதிசயமே இல்லை. ஆனால், எந்த ஸ்கூட்டர் வாங்குவது என்று முடிவு செய்வது மட்டும் பல வீடுகளில் இன்னும் ஆண்கள் வேலையாகத்தான் இருக்கிறது. என்ன கலர் வேண்டும் என்று நம்மிடம் கேட்பார்கள். எத்தனை சிசி என்பதை கணவர், தம்பி, கொழுந்தனார், கடைக்காரர் எல்லோரும் கூடிப் பேசுவார்கள். நாம் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்போம்.

ஓட்டப் போவது நாம்தானே? பின்னால் பிள்ளையையோ பெரியவர்களையோ உட்கார வைத்துக்கொண்டு மேட்டில் திணறப் போவதும் நாம்தான். அதனால் இந்த சிசி சமாசாரத்தை நாமே தெரிந்துகொள்வது நல்லது. பத்தாவது வரை படித்த எனக்கே புரிந்தது என்றால், உங்களுக்குப் புரியாதா என்ன?

எங்கள் ஊர் குன்னூர். கணவருக்குக் கோவையில் மில் வேலை. சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்பிவிடுவார். வீட்டில் நான், பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன், மாமியார். மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டு, முழங்காலும் தேய்ந்துவிட்டது. எங்கள் வீடு ஒரு இறக்கத்தில் இருக்கிறது. மெயின் ரோட்டுக்கு வரவே செங்குத்தான மேடு ஏற வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ஆட்டோதான். "காசு எதுக்கும்மா வீணா... அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று மாமியார் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில், காலில் வந்த சின்னப் புண் பெரிதாகிவிட்டது. விரலை எடுக்க வேண்டி வருமோ என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டுப் போட்டு, இரண்டு மாதத்தில் கடவுள் புண்ணியத்தில் ஆறியது. ஆட்டோவுக்குக் கொடுத்ததை எழுதி வைத்துக் கூட்டிப் பார்த்தேன். வண்டி ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். மகளிர் குழுக் கடனும், சீட்டுப் பணமும் கைகொடுத்தன.

உடனே ஆரம்பித்தது சிசி பஞ்சாயத்து. "110 போதும். கோயமுத்தூர்ல என்கூட வேலை பாக்கறவங்க பாதிப் பேர் அதைத்தான் வெச்சிருக்காங்க. மைலேஜும் குடுக்கும்" என்றார் கணவர். "அக்கா, 125 எடு. அதான் கெத்து" என்றான் தம்பி. "அந்தக் காலத்துல டிவிஎஸ் 50-ல நானும் உங்க பெரியம்மாவும் உர மூட்டையோட போயிருக்கோம். அதுக்கென்ன 125 கேக்குது?" என்றார் பெரியப்பா. ஷோரூமில் இருந்த பையனோ, "லேடீஸ்தானே மேடம்... லைட் வெயிட் வண்டி போதும்" என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னான். என் பின்னால் யார் உட்காரப் போகிறார்கள், என் வீடு எங்கே இருக்கிறது என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை!

சிசி என்றால் என்ன என்று மகளிடம் கேட்டேன். என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் கொள்ளளவுதான் சிசி. ஒரு சிசி என்பது ஒரு மில்லி. 110 சிசி என்றால் நம் வீட்டுச் சின்னக் காபி டம்ளர் அளவு. 125 சிசி என்றால் அதைவிட 15 மில்லி கூட. இருமல் மருந்து பாட்டிலின் தலையில் கவிழ்த்திருக்கும் சின்னக் கப் அளவுதான் இத்தனை சண்டையும்! அந்த இடத்துக்குள் எவ்வளவு காற்றும் பெட்ரோலும் போய் எரிகிறதோ, அவ்வளவு இழுவை கிடைக்கும்.

பெரியப்பா சொன்னதும் பொய்யில்லை. 1980-ல் வந்த டிவிஎஸ் 50 இரண்டு பேரைச் சுமந்த வண்டிதான். ஆனால் அது டூ ஸ்ட்ரோக் என்ஜின். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரியும். இன்றைய ஸ்கூட்டர்களில் இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் எரியும். புகையும் பெட்ரோல் செலவும் குறைவு. ஆகவே அந்தக் கால சிசியையும் இந்தக் கால சிசியையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

எனக்கு உண்மையில் கண்ணைத் திறந்தவர் எங்கள் பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன்தான். "ஏம்மா, கோயமுத்தூர்க் கணக்கை இங்க போடாதீங்க. மலையில காத்து மெலிசு. மனுஷனுக்கு மூச்சு வாங்கற மாதிரிதான் வண்டிக்கும்" என்றார். மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரை ஊர்களைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அப்படியென்றால் 110 சிசி வண்டி இங்கே வந்தால் கீழே ஓடும் 92 சிசி வண்டி போலத்தான் இழுக்கும். 125 சிசி வண்டி 104 சிசி போல இழுக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு ஸ்கூட்டர்களில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்துவிட்டது. அது காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் இல்லாத காற்றை உண்டாக்க அதனால் முடியாது.

இதைக் கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நீ வாங்கற 125 இங்க வந்தா என் ஃப்ரெண்ட்ஸ் ஓட்டற 110-க்குக் கொஞ்சம் கம்மிதானா?" என்று சிரித்தார். அதோடு அவர் கட்சி மாறிவிட்டார்!

அடுத்தது சுமை. நான் 62 கிலோ, மாமியார் 70 கிலோ. வண்டி நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பை, மருந்து எல்லாம் சேர்த்தால் கிட்டத்தட்ட 240 கிலோவை அந்தச் சின்ன என்ஜின் மேட்டில் இழுக்க வேண்டும். வண்டியோடு வரும் புத்தகத்தில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று போட்டிருப்பார்கள். அதைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய என்ஜின் வாங்கினால் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எத்தனை சிசி ஆனாலும் ஓட்டுபவரோடு ஒருவர்தான் சட்டப்படி போகலாம்.

எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் ஷோரூமுக்கு மறுபடி போனேன். "டிரையல் தனியாத்தான் பாக்கணும் மேடம்" என்றார்கள். "தனியா ஓட்டிப் பாக்க இது எனக்கு மட்டும் வண்டி இல்லீங்க" என்று மாமியாரைப் பின்னால் உட்கார வைத்தேன். ஒரே மேட்டில் இரண்டு வண்டியையும் ஏற்றினேன். 110 ஏறாமல் இல்லை. ஏறியது. ஆனால் ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகியும் முனகிக்கொண்டு, நடந்து போகிறவரின் வேகத்துக்கு வந்துவிட்டது. 125 வேகமாகப் பறக்கவில்லை என்றாலும் சீராக ஏறியது. இறங்கியதும் மாமியார், "முதல் வண்டி பாவம், என்னை மாதிரியே மூட்டு வலி போல இருக்கு. இதையே எடும்மா" என்றார். விலையில் பத்தாயிரத்துக்குள்தான் வித்தியாசம்.

'125 என்றால் கனமாக இருக்கும், பெண்களால் தாங்க முடியாது' என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதுவும் சரியில்லை. சில 125 வண்டிகள் சில 110 வண்டிகளைவிட எடை குறைவாகவே இருக்கின்றன. நாம் பார்க்க வேண்டியது சீட்டின் உயரம். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். சரிவான இடத்தில், பின்னால் ஆள் இருக்கும்போது, இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிகிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். கால் எட்டாத வண்டி எந்த சிசியாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

ஏற்றத்துக்கு என்ஜின் என்றால், இறக்கத்துக்கு பிரேக். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள புது வண்டிகளில், ஒரு பிடியைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் பிரேக் அல்லது ஏபிஎஸ் கட்டாயம். நான் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் உள்ளதாக எடுத்தேன். டிரம் பிரேக்கை நீண்ட இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். எங்கள் ஊரில் சிலர் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று என்ஜினை அணைத்துவிட்டு இறங்குவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அப்போது வண்டியின் முழு பாரமும் பிரேக் தலையில்தான் விழும்.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் 125 வாங்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் தங்கை வாக்கப்பட்டது கும்பகோணத்தில். மேடே கிடையாது, காற்றுக்கும் குறைவில்லை. பையனைப் பள்ளியில் விடுவதும், மார்க்கெட்டுக்குப் போய் வருவதும்தான் அவள் வேலை. முக்கால்வாசி நேரம் தனியாகத்தான் ஓட்டுவாள். "அக்கா வாங்கிட்டா, எனக்கும் 125-தான்" என்று போனில் அடம் பிடித்தாள். "உன் ரோட்டுல 110-க்கே வேலை கம்மிடி. மிச்சப் பணத்துல ரெண்டு நல்ல ஹெல்மெட் வாங்கு" என்றேன். 110-தான் எடுத்தாள். சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்குச் சரியான வண்டி தங்கைக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லையே!

இன்ஷூரன்ஸ் கூடுமோ என்ற பயமும் எனக்கு இருந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 75 சிசிக்கு மேல் 150 சிசி வரை ஒரே வகுப்பு. 110-க்கும் 125-க்கும் அதில் ஒரே கட்டணம்தான். புது வண்டிக்கு அதை ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது 2018 செப்டம்பரில் வந்த விதி. அந்தத் தொகையையும் சேர்த்து மொத்த விலையைக் கேளுங்கள்.

பேட்டரி வண்டி பற்றியும் கேட்பீர்கள். அதில் சிசி கிடையாது, வாட் கணக்கு. 250 வாட்டுக்குக் குறைந்த, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் தாண்டாத சின்ன வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் ஆளை ஏற்றிக்கொண்டு மேடு ஏற அது உதவாது. சமவெளியில் தனியாக, பக்கத்தில் போய் வருவதற்குச் சரி.

வண்டி வந்ததும் இன்னொரு பஞ்சாயத்து. "டியூஷன் பக்கத்துலதானம்மா, நானே ஓட்டிட்டுப் போறேன்" என்றாள் மகள். அவளுக்குப் பதினாறு முடிந்திருக்கிறது. பதினாறு வயதில் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் தருவார்கள். மற்றதற்கெல்லாம் பதினெட்டு முடிய வேண்டும். 2019-ல் திருத்திய சட்டப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. அபராதத்தை விடுங்கள், பெற்ற பிள்ளை அல்லவா? "இன்னும் ரெண்டு வருஷம் பொறு. அப்புறம் எட்டுப் போடு" என்று சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பரவாயில்லை.

முதல் வண்டி வாங்கப் போகும் சகோதரிகளே, கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் யார் உட்காருவார், எத்தனை கிலோ? தினமும் போகும் வழியில் மேடு உண்டா? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? கால் தரையில் எட்டுகிறதா? அந்த ஆளைப் பின்னால் வைத்து, அந்த மேட்டிலேயே ஓட்டிப் பார்த்தாயிற்றா? தனியாகவோ, சின்னப் பிள்ளையோடோ, சமதளத்தில் போகிறவர்களுக்கு 110 தாராளம். பெரியவர் ஒருவரை அடிக்கடி ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிறவர்கள் 125 பக்கம் போகலாம்.

வண்டி வாங்கி எட்டு மாதம் ஆகிறது. லிட்டருக்கு நாற்பதை ஒட்டித் தருகிறது. மலைக்கு அது போதும். 'ஹெல்மெட் கொண்டையில இடிக்குது' என்று முணுமுணுத்துக்கொண்டே மாமியார் பின்னால் உட்காருவார். ஆஸ்பத்திரித் தேதி ஒன்று கூட இதுவரை தவறவில்லை. சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது.

எத்தனை சிசி என்று கடைக்காரர் சொல்லட்டும். எவ்வளவு சுமை, எவ்வளவு மேடு என்பது தினமும் அதைச் சுமக்கிற நமக்குத்தானே தெரியும்? அந்தக் கணக்கை நாமே போடுவோமே!

— ஒரு வாசகி, குன்னூர்.