அனிமே உருவத்தைப் பூட்டி வண்ணம் தீட்டும் கைவேலை: பிள்ளைகளும் பெற்றோரும் அறிய வேண்டியவை

கோலாலம்பூர் - தலைநகரின் சுங்கை வாங் பிளாசா போன்ற பேரங்காடிகளில் கண்ணாடிப் பேழைகளுக்கு முன்னால் நம் இளைஞர்கள் நெடுநேரம் நிற்பதைக் காணலாம். உள்ளே ஜப்பானிய அனிமே தொடர்களின் வீரர்களும் இயந்திர மனிதர்களும் வரிசையாக நிற்கும். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால், “இந்த வயதில் என்ன பொம்மை?” என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. ஆனால் பெட்டிக்குள் முழுப் பொம்மை இருப்பதில்லை. அதை உருவாக்கும் வேலைதான் இருக்கிறது.

1979இல் ஜப்பானில் ‘மொபைல் சூட் கண்டாம்’ என்ற தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தது. அதன் இயந்திர வீரனை 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் பூட்டும் பெட்டியாக விற்றது. நிஜ அளவில் 144இல் ஒரு பங்கு. விலை 300 யென். பசை தடவி ஒட்டி, வாங்கியவரே வண்ணமும் தீட்ட வேண்டியிருந்தது. இன்று அதே நிறுவனம் டிராகன் பால் போன்ற தொடர்களின் மனித உருவங்களையும் பெட்டியாக்கி விற்கிறது. பசை தேவையில்லை, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பாகங்களும் நிறத்தோடு வரும். தொடங்குபவர்களுக்கு இதுவே ஏற்றது.

இன்னொரு வகை ரெசின் உருவங்கள். சிறு கலைஞர்கள் குறைந்த எண்ணிக்கையில் வார்த்தெடுப்பவை இவை. ஜப்பானில் ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் ‘வொண்டர் ஃபெஸ்டிவல்’ இவற்றுக்குப் பெயர் பெற்ற சந்தை. இவை பெரும்பாலும் ஒரே நிறத்தில் வரும். மூட்டுகளில் துளையிட்டு, பித்தளைக் கம்பி செருகி, உடனடிப் பசையால் ஒட்ட வேண்டும். கை பழகிய பிறகு இதற்கு வருவது நல்லது.

பிளாஸ்டிக் பெட்டியில் பாகங்கள் ஒரு சட்டத்தில் கோத்தபடி இருக்கும். அவற்றைக் கையால் முறிக்கக் கூடாது. முறித்தால் பாகம் வெளுத்துவிடும் அல்லது பிய்ந்துவிடும். சிறிய வெட்டுக் குறட்டால் முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மீதியை இரண்டாம் வெட்டில் எடுக்க வேண்டும். எஞ்சும் தழும்பை 400, 800, 1000 என நயம் கூடும் வரிசையில் உப்புத்தாளால் தேய்த்தால் அடையாளம் மறையும்.

அடுத்தது கழுவுதல். கைபட்ட எண்ணெய்ப் பசையும் அச்சிலிருந்து ஒட்டி வந்த பசையும் இருந்தால் வண்ணம் பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு பிரைமர் என்னும் அடிப்பூச்சு. இது மேலே வரும் வண்ணத்துக்குப் பிடிமானம் தருகிறது. தேய்க்காமல் விட்ட கீறல்களையும் காட்டிக்கொடுக்கிறது.

தூரிகையால் தீட்டுபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அவசரத்தில்தான். புட்டியில் உள்ள கெட்டியான வண்ணத்தை அப்படியே அப்பினால் கோடு கோடாக நிற்கும். பால் பதத்துக்குக் கரைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை தீட்ட வேண்டும். முதல் பூச்சில் அடிநிறம் தெரியத்தான் செய்யும். அரைகுறையாக உலர்ந்ததன் மேல் மீண்டும் தூரிகை வைத்தால் கீழே உள்ளதும் பெயர்ந்து வரும்.

அனிமே முகத்தில் உயிர் இருப்பது கண்ணில். ரெசின் உருவத்துக்கு இந்த வழி உதவும்: தோல் நிறத்தை லேக்கர் வண்ணத்தில் அடித்து, மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சுக் கொடுத்து, கண்ணை எனாமல் வண்ணத்தில் வரைய வேண்டும். கோடு பிசகினால் எனாமல் தின்னரைப் பஞ்சுக் குச்சியில் சிறிது தொட்டுத் துடைத்துவிடலாம், கீழ்ப்பூச்சு கெடாது. ஆனால் அதே தின்னர் இறுகப் பூட்டிய பிளாஸ்டிக் மூட்டுகளில் ஊறினால் அவை வெடிக்கக்கூடும்.

நம் ஊர் வானிலையும் இந்த வேலையில் தலையிடும். காற்றில் ஈரம் மிகுந்த நேரத்தில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சின்மேல் வெண்மூட்டம் படிந்துவிடும். வெயில் ஏறிய பிறகு, மாலை மழை வருவதற்கு முன் அடிப்பது பொருத்தமானது.

பெற்றோர் கவலைப்பட வேண்டியது பொம்மையைப் பற்றியல்ல, புகையைப் பற்றி. லேக்கர் வண்ணமும் தின்னரும் வெளியிடும் ஆவி உடலுக்குக் கேடு. எளிதில் தீப்பற்றவும் கூடியது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, அதுவும் குழந்தை உறங்கும் அறையில், இவற்றைப் பயன்படுத்தவே கூடாது. சாமி விளக்கு, சமையல் அடுப்பு அருகிலும் வேண்டாம். ஸ்ப்ரே அடிப்பதைக் காற்றோட்டமான திறந்த இடத்தில், ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடியுடன் செய்ய வேண்டும். சாதாரணத் துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. ரெசின் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. வீட்டுக்குள் வேலை செய்ய நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமும் தூரிகையுமே பாதுகாப்பான தேர்வு.

செலவைப் பொறுத்தவரை, முதல் நாளே காற்றழுத்தத் தெளிப்பான் வாங்கத் தேவையில்லை. ஒரு சிறிய பெட்டி, வெட்டுக் குறடு, உப்புத்தாள், இரண்டு தூரிகைகள், நான்கைந்து வண்ணங்கள் போதும். இணையத்தில் நம்ப முடியாத மலிவு விலையில் வரும் ரெசின் உருவங்கள் பல, மூலக் கலைஞரின் அனுமதியின்றி நகலெடுக்கப்பட்டவை. அவற்றில் காற்றுக் குமிழியும் கோணலும் அதிகம். உழைத்தவருக்கு ஒரு காசும் போவதில்லை.

இந்தப் பொறுமை நமக்குப் புதிதல்ல. கும்பாபிஷேகத்துக்கு முன் சாரம் கட்டி ஏறும் ஓவியர்கள் கோபுரச் சுதைச் சிற்பங்களுக்கு அடிப்பூச்சு அடித்து, நிறம் ஏற்றி, நகைக்கும் ஆடைக்கும் கோடு இழுப்பார்கள். 2006இல் திறக்கப்பட்ட, 42.7 மீட்டர் உயரப் பத்துமலை முருகன் சிலைக்குப் பொன்வண்ணம் மட்டும் ஏறத்தாழ 300 லிட்டர் பிடித்தது. மேசைமேல் நிற்கும் அனிமே வீரனுக்குச் சில துளிகள் போதும். அளவு வேறு, அடித்தளம், மெல்லிய பூச்சு, உலரும்வரை காத்திருத்தல் என்ற ஒழுங்கு ஒன்றுதான்.

பிள்ளை பெட்டியைப் பிரிக்கும்போது திட்டுவதைவிட, சன்னலைத் திறந்துவிட்டு அருகில் அமர்ந்து பார்ப்பது பயன் தரும். கிள்ளானில் தரை வீட்டில் வசிப்போருக்கு அஞ்சடியே நல்ல வேலையிடம். நவராத்திரி நெருங்கும்போது, நிறம் மங்கிய கொலுப் பொம்மையைப் புதுப்பிக்கும் வேலையை அந்தக் கையிடமே ஒப்படைத்துப் பார்க்கலாம்.