வான்கூவர் பூங்காவின் செர்ரி மரங்கள்: பூக்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு

மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் வரை, கனடாவின் வான்கூவர் நகரில் தெருவுக்குத் தெரு செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கும். இளஞ்சிவப்பு மலர்களைப் படமெடுக்க மக்கள் திரள்வார்கள். அங்கு வாழும் ஜப்பானிய வம்சாவளியினருக்கு அந்தப் பருவம் அதைவிட ஆழமானது.

ஜப்பானில் மலர் பார்ப்பதை ‘ஹனாமி’ என்பார்கள். மரத்தடியில் பாய் விரித்து, குடும்பத்தாரும் நண்பர்களும் ஒன்றாக உண்டு, பேசி மகிழ்வார்கள். பூக்கள் முழுமையாக விரிந்து நிற்பது ஏறக்குறைய ஒரு வாரம்தான். மழையோ காற்றோ வலுத்தால் அதுவும் குறைந்துவிடும். கிடைக்கும் சில நாள்களைத் தவறவிடக்கூடாது என்ற எண்ணமே இந்தப் பழக்கத்தின் அடிப்படை.

வான்கூவருக்கும் செர்ரி மரங்களுக்கும் உள்ள தொடர்பு பழையது. முதல் உலகப் போரில் கனடாவுக்காகப் போரிட்ட ஜப்பானிய வம்சாவளி வீரர்களுக்கு ஸ்டான்லி பூங்காவில் 1920ல் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அங்கு நடுவதற்காக 1930களில் கோபே, யோகோஹாமா நகர மேயர்கள் 500 செர்ரி மரங்களை அன்பளிப்பாக வழங்கினர்.

அக்காலத்தில் பவல் ஸ்திரீட் வட்டாரம் ஜப்பானியர்களின் கடைகளும் வீடுகளும் நிறைந்த பகுதியாக இருந்தது. அருகிலுள்ள ஓப்பன்ஹைமர் பூங்கா, புகழ்பெற்ற ‘அசாஹி’ பேஸ்பால் குழுவின் சொந்தத் திடல்.

1942ல் எல்லாம் மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது, மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த 21,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை அரசாங்கம் வெளியேற்றியது. அவர்களில் பெரும்பாலோர் கனடியக் குடிமக்கள். அவர்களது வீடுகள், கடைகள், மீன்பிடிப் படகுகள் ஒப்புதலின்றி விற்கப்பட்டன. 1949 ஏப்ரல் வரை அவர்கள் கரையோரத்திற்குத் திரும்ப அனுமதி இல்லை. திரும்பியவர்களுக்கும் பழைய பவல் ஸ்திரீட் கிடைக்கவில்லை.

1877ல் மன்சோ நகானோ கனடா வந்ததைச் சமூகத்தின் தொடக்கமாகக் கொண்டு, 1977ல் நூற்றாண்டு கொண்டாடப்பட்டது. அப்போது முதல் தலைமுறையைச் சேர்ந்த முதியவர்கள் ஓப்பன்ஹைமர் பூங்காவில் செர்ரி மரங்களை நட்டனர். பவல் ஸ்திரீட் விழாவும் அதே ஆண்டு தொடங்கியது. 1988 செப்டம்பர் 22ஆம் தேதி, கனடிய அரசாங்கம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது.

2008ல் பூங்காவைச் சீரமைக்கும் திட்டத்தால் அந்த மரங்களுக்கு ஆபத்து வந்தது. புதிய மரங்களை நட்டுக்கொள்ளலாமே என்று பிறருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால், சமூகத்தினர் ஒன்றுதிரண்டு குரல் கொடுத்தனர். பல மரங்கள் காப்பாற்றப்பட்டன. வீடும் கடையும் கைவிட்டுப்போன இடத்தில், தங்கள் பெரியவர்கள் கையால் நட்டவை அந்த மரங்கள்தாம்.

இன்றும் வசந்தத்தில் அவை பூக்கின்றன. அங்கு செல்வோர் கிளைகளை வளைக்காமலும் பூக்களைப் பறிக்காமலும் பார்த்து மகிழ்ந்தால், நட்டவர்களுக்குச் செய்யும் மரியாதையாகவும் அது அமையும்.