மணலைக் கட்டி நிறுத்தும் கொடி



பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைக்கிறதுக்கு முன்னாடி, மானாப் புல்லோ கவுதமாலாப் புல்லோ போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணைத் தேற்றுகிறோம். "வெறும் புல்லுக்கு ஏன் இவ்வளவு காலம்?" என்று நம்மில் கேட்காதவர் குறைவு. இம்முறை அதற்குக் கடற்கரையிலிருந்து பதில் சொல்கிறோம்.

கல்முனையிலிருந்து தெற்கே போனால் சாய்ந்தமருது, காரைதீவு, அடுத்தது நிந்தவூர். மீன்பிடியும் வயலுமாக வாழும் முஸ்லிம் ஊர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்கள் போனது இந்த அம்பாறை மாவட்டத்தில்தான்.

இந்தக் கரைக்குச் சொந்தமானது அடம்பன் கொடி. இலை ஆட்டுக்குளம்பு மாதிரிப் பிளந்திருக்கும், பூ ஊதா. கணுவுக்குக் கணு வேர்விடும். காற்று அள்ளிவரும் மணல் கொடியில் தட்டி நிற்கும். கொடி அதன்மேல் ஏறிப் படரும். மறுபடி மணல் சேரும். மணல்மேடு இப்படித்தான் வளருது. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. கூடவே வளர்வது இராவணன் மீசை என்ற புல். தொட்டால் குத்தும். அதன் கதிர் முள்ளுப்பந்து போலக் கழன்று, காற்றில் உருண்டு போய் விதை போடும்.

மேட்டின் அருமையை யால கரையில் பார்த்தார்கள். உயர்ந்த மேடு நின்ற இடத்தில் சுனாமித் தண்ணீர் தடைப்பட்டது; கடல் தெரியட்டும் என்று மேட்டைக் குறைத்த இடத்தால் புகுந்தது.

சுனாமிக்குப் பிறகு பல கரைகளில் சவுக்கு நட்டார்கள். சீக்கிரம் வளரும், உண்மைதான். ஆனால் நம் நாட்டு மரமல்ல. உதிரும் சருகு மெத்தை மாதிரி மூடி, கீழே கொடியை எழும்ப விடாது. முன்வரிசையைக் கொடிக்கும் புல்லுக்கும், அதன் பின்னால் தாழைக்கும் விடுவதே சரி என்பது எங்கள் எண்ணம். செலவும் பெரிதில்லை. கணுவோடு வெட்டிய கொடித்துண்டை ஒக்டோபர் மழையோடு ஈர மணலில் புதைத்தால் பிடித்துக்கொள்ளும். மிதிபடாமல், டிராக்டர் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனாலும் கொடியால் எல்லாம் ஆகாது. தெற்கே ஒலுவிலில் 2013 இல் துறைமுகம் திறந்தார்கள். கரையோரமாக வடக்கே நகரும் மணலை அதன் கல்லணை மறித்தது. ஒலுவிலிலிருந்து நிந்தவூர்ப் பக்கம் வரை கடல் நிலத்தைத் தின்றது. கொடி மணலைப் பிடிக்கும். மணலே வராவிட்டால் எதைப் பிடிக்கும்?

நம் மலையில் மண் இன்னும் இருக்கிறது. கான் ஓரத்துப் புல்லைச் சொரண்டியால் வழித்தெடுக்க வேண்டாம். லயத்துக்குப் பின்னால் சரிவு உள்ளவர்கள் மானாக் கட்டை கேட்டு எங்களிடம் வாருங்கள். அறுக்கும்போது அடிக்கட்டையை மட்டும் விட்டு அறுங்கள், திரும்பத் தழைக்கும்.