கழுத்தில் கிடந்த கை

'பேட்டில் ஆஃப் த செக்ஸஸ்' படத்தை எப்போது பார்த்தாலும் என் கண் ஒரு கையின் மேல் போய் நின்றுவிடும். 1973 செப்டம்பர் 20, ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கம். வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல் தொலைக்காட்சியில் பில்லி ஜீன் கிங்குக்கும் பாபி ரிக்ஸுக்கும் இடையிலான டென்னிஸ் ஆட்டத்தை அறிமுகம் செய்கிறார். பக்கத்தில் சக வர்ணனையாளர் ரோஸி கசால்ஸ். விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தைப் பலமுறை வென்றவர். அவர் பேசப் பேச, கோசெலின் கை அவர் கழுத்தை வளைத்தபடியே கிடக்கிறது. இது படத்துக்காகப் புனைந்தது அல்ல. அன்றைய ஒளிபரப்புக் காட்சியைத்தான் இயக்குநர்கள் ஜொனாதன் டேட்டனும் வேலரி ஃபாரிஸும் படத்துக்குள் கொண்டுவந்தார்கள். அன்று அது சாதாரணம். 2017-இல் படம் வந்தபோது அந்தக் கை நம்மை உறுத்தியது. இடையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு இந்த உறுத்தலே சாட்சி.

அன்று பெண்ணின் ஆட்டத்துக்கு என்ன விலை வைத்தார்கள்? 1968 விம்பிள்டனில் ஆண்கள் பட்டம் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுண்டு, பெண்கள் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750. 1970-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டியை நடத்திய ஜாக் கிராமர் ஆண் சாம்பியனுக்கு 12,500 டாலரும் பெண் சாம்பியனுக்கு 1,500 டாலரும் அறிவித்தார். படத்தில் எம்மா ஸ்டோன் நடிக்கும் பில்லி ஜீன், பெண்கள் நுழையக் கூடாத கிளப் அறைக்குள் நேராகப் போய் அவரிடம் நியாயம் கேட்கிறார். ஆண்களின் ஆட்டத்தில்தான் வேகம், அதைப் பார்க்கத்தான் கூட்டம் என்பது பதில். பெண்கள் ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்கிறதே என்ற கேள்வி அந்தக் காதுகளில் ஏறவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஒன்பது வீராங்கனைகள், பத்திரிகை நடத்திய கிளாடிஸ் ஹெல்ட்மனை நம்பி, ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தம் போட்டுத் தனிப் போட்டி ஆடினார்கள். டென்னிஸ் சங்கம் தங்களை நீக்கும் என்று தெரிந்தேதான் கையெழுத்திட்டார்கள். இன்று மகளிர் டென்னிஸில் புழங்கும் கோடிகளுக்கு அந்த ஒற்றை டாலர்தான் விதைநெல்.

1972 அமெரிக்க ஓப்பனில் ஆண்கள் பட்டம் வென்ற நாஸ்டாஸேவுக்கு 25,000 டாலர், பெண்கள் பட்டம் வென்ற பில்லி ஜீனுக்கு 10,000. சமமாகத் தராவிட்டால் அடுத்த ஆண்டு வரமாட்டோம் என்றார் அவர். 1973-இல் அங்கே பரிசு சமமானது. லண்டனில் மகளிர் டென்னிஸ் சங்கம் பிறந்ததும் அதே ஆண்டு.

பாபி ரிக்ஸுடனான ஆட்டமும் அதே செப்டம்பரில்தான். ரிக்ஸுக்கு வயது 55. 1939-இல் விம்பிள்டன் சாம்பியன். அந்த மே மாதம் வீராங்கனை மார்கரெட் கோர்ட்டை 6-2, 6-1 என்று தோற்கடித்துவிட்டு, பெண்களின் இடம் அடுப்படி என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தார். பில்லி ஜீனுக்கு வயது 29. தோற்றால் பெண்கள் ஐம்பது ஆண்டு பின்னுக்குப் போய்விடுவோம் என்று அஞ்சியதாகப் பின்னாளில் சொன்னார். 30,472 பேர் அரங்கில் பார்க்க, 6-4, 6-3, 6-3 என்று மூன்று நேர் செட்டுகளில் வென்றார். படத்தில் வெற்றிக்குப் பிறகு அவர் உடைமாற்றும் அறையில் தனியே உட்கார்ந்து அழும் காட்சி ஒன்று உண்டு. அவர் சுமந்த பாரம் எத்தனை என்பதை அந்த அழுகை சொல்லிவிடுகிறது.

இன்னொரு பாரமும் இருந்தது. தான் ஒரு பெண்ணை நேசித்ததை அவரால் வெளியில் சொல்ல முடியவில்லை. 1981-இல் ஒரு வழக்கின் மூலம் அது வெளியே வந்ததும் விளம்பர ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போயின. இன்று அமெரிக்க ஓப்பன் நடக்கும் வளாகத்துக்கே அவர் பெயர். நாடுகள் மோதும் மகளிர் கோப்பைக்கும் அவர் பெயர்தான்.

பணமும் பெருகியது. 2025 அமெரிக்க ஓப்பனில் பட்டம் வென்ற அல்கராஸுக்கும் சபலென்காவுக்கும் தலா 50 லட்சம் டாலர். ஆனால் விம்பிள்டன் சமமாகத் தர 2007 வரை, அதாவது அமெரிக்க ஓப்பனுக்குப் பிறகு 34 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. வீனஸ் வில்லியம்ஸ் போன்றவர்கள் விடாமல் கேட்டதால் அதுவும் நடந்தது.

நான்கு பெரிய போட்டிகளைத் தாண்டினால் கணக்கு மாறுகிறது. 2023 ரோம் போட்டியில் ஆண் சாம்பியனுக்கு சுமார் 11 லட்சம் யூரோ, பெண் சாம்பியனுக்கு அதில் பாதிகூட இல்லை. பிரெஞ்சு ஓப்பனின் இரவு ஆட்டங்களில் 2024-லும் 2025-லும் பெண்களுக்கு ஒன்றுகூடத் தரப்படவில்லை. ஆண்கள் ஆட்டத்துக்கு ஈர்ப்பு அதிகம் என்று 2022-இல் அங்கே சொன்னவர், முன்னாள் முதல்நிலை வீராங்கனையும் போட்டியின் இயக்குநருமான அமெலி மௌரெஸ்மோ. கிராமர் 1970-இல் வைத்த வாதம் ஒரு பெண்ணின் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு மனம் கனத்தது. பெண்கள் மூன்று செட்தானே ஆடுகிறார்கள் என்ற வாதமும் எனக்கு ஏற்புடையது அல்ல. 1984 முதல் 1998 வரை ஆண்டிறுதிச் சாம்பியன்ஷிப்பின் இறுதி ஆட்டத்தை அவர்கள் ஐந்து செட் கணக்கில்தான் ஆடினார்கள். ஆட வைத்தால் ஆடுவார்கள்.

2023 மே மாதம் மாட்ரிட்டில் மகளிர் இரட்டையர் இறுதி ஆட்டம் முடிந்தது. கோப்பை தந்தார்கள், பேச மைக் மட்டும் தரவில்லை. நான்கு வீராங்கனைகளும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கினார்கள். உலகமே கண்டித்த பிறகு அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது ரோஸி கசால்ஸ்தான் நினைவுக்கு வந்தார். அவர் கையில் மைக் இருந்தது, கழுத்தில் இன்னொருவர் கை கிடந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, கழுத்தில் கை இல்லை, மைக்கும் இல்லை. ஆனால் ரோஸிக்காக அன்று யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இவர்களுக்காகக் கேட்க வேண்டிவந்தது. ஒரு டாலருக்குக் கையெழுத்திட்ட அந்த ஒன்பது பேர் வாங்கித் தந்தது பரிசுப் பணத்தை மட்டும் அல்ல, இந்த மன்னிப்பையும்தான்.