சுடுவதற்கு முன் இறக்கக் கற்றுக்கொள்!

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில் எள் போட்டால் எள் விழாது. பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு அங்கே வந்து சேருவார்கள்.

திருவிழாக்கூட்டத்தில் பலூன் சுடும் கடையைக் கண்டால் பிள்ளைகளுக்குக் கால் நகராது. "அப்பா, நானும் சுடறேன்!" என்று பையன் அடம் பிடிப்பான். "காற்றுத் துப்பாக்கிதானே! என்ன ஆகிவிடும்?" என்று தகப்பனாரும் சம்மதித்துவிடுவார்.

அந்த எண்ணம் தவறு!

கண்ணுக்கு ஆபத்து

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. கடைகளில் உள்ள துப்பாக்கியின் குழலை மடக்கினால், உள்ளே ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் விடுபட்டுக் காற்றை நெருக்கும். அந்தக் காற்று ஈயக் குண்டைத் தள்ளிவிடும். குண்டின் பருமன் 4.5 மில்லி மீட்டர்தான். ஆனால், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்!

ஆகவே, குண்டு இல்லாத துப்பாக்கியையும் குண்டு உள்ளதாகவே நினைக்க வேண்டும். விளையாட்டுக்குக்கூட யார் பக்கமும் குழலைத் திருப்பக் கூடாது. சுடும் நேரம் வரை விசையில் விரல் படக் கூடாது. கல், இரும்பு, தண்ணீர் ஆகியவற்றின் மீது சுட்டால் குண்டு தெறித்துத் திரும்பும். பெரியவர் துணை இல்லாமல் சிறுவர்கள் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

குறி வைப்பது எப்படி?

துப்பாக்கிக் கட்டையைத் தோளில் பதிய வைக்க வேண்டும். கண்ணருகே உள்ள பள்ளத்தின் நடுவில், குழல் முனையில் இருக்கும் முள் தெரிய வேண்டும். மூச்சை இழுத்து, பாதியை விட்டு, நிறுத்த வேண்டும். விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். குண்டு போன பிறகும் ஒரு விநாடி அசையக் கூடாது.

ஏழெட்டு விநாடிக்குள் குறி அமையவில்லையா? துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கை நடுங்கும், கண் மங்கும்.

கடலூர்ப் பெண்

ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் தூரத்திலிருந்து சுடுகிறார்கள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லி மீட்டர்தான்! தகுதிச் சுற்றில் 60 குண்டுகள் சுட 75 நிமிடம் உண்டு. குறி சரியில்லை என்றால், தேர்ந்த வீரர்களும் சுடாமல் இறக்கிவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி எடுக்கிறார்கள்.

இந்தப் போட்டியில்தான் 2008-ல் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தார். புதுச்சேரிக்கு அடுத்துள்ள கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் ரியோ நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார்.

ஆகவே, பலூன் கடையில் பையன் தயங்கினால் யாரும் சிரிக்க வேண்டாம். "அவசரமில்லை, இறக்குடா. மூச்சு விட்டுட்டு மறுபடி பார்!" என்று தகப்பனார் சொல்லட்டும்.

பலூன் தப்பினால் இன்னொரு பலூன் உண்டு. கண் போனால் வருமா?